கொழும்பில எதைப் பாக்கலாம்? வன்னியில் இருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், இரவு பஸ்ஸுக்கு சீற் புக்கிங். அதற்கு முன்னர் எட்டு வருடம் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்து வேலை பார்த்தவன். கடவுச்சீட்டு, கிளினிக், விசா நேர்முகம், தங்கச்சியின் கலியாணத்துக்குச் சேலை என்று ஏதோ ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போகிற சனம், ரிக்கெற்றை மடித்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கும்: "அப்பிடியே அங்க பாக்கக்கூடியதா என்ன இருக்கு?" முல்லைத்தீவு, மல்லாவி, விசுவமடு என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது.

ஒரு நாள்தான் மிச்சம். எத்தனை இடம் பார்க்கலாம்?

இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் இளந்தாரிகள் மட்டும் போனால் மூன்று.

நானும் ஒருக்கால் ஆறு இடம் என்று திட்டம் போட்டவன்தான். அண்ணையின் இரண்டு பிள்ளைகளும் அண்ணியும் வந்திருந்தார்கள். காலையில் மிருகக்காட்சிசாலை, பிறகு நூதனசாலை, பிறகு சுதந்திர சதுக்கம், கங்காராமை, காலிமுகத்திடல், இரவுக்குத் தாமரைக் கோபுரம். நூதனசாலையை முக்கால் மணித்தியாலத்தில் ஓடி முடித்தோம். கங்காராமை வாசலில் அண்ணியின் செருப்பு அறுந்தது. கோபுரத்தடியில் வரிசையில் நிற்கும்போது சின்னவன் என் தோளில் நித்திரை. அவனைத் தூக்கிக்கொண்டே மேலே ஏறி, தூக்கிக்கொண்டே இறங்கினேன். இன்றைக்கும் அவனிடம் "கோபுரம் பாத்தனியோடா?" என்று கேட்டால், "சித்தப்பா, நான் ஏறேல்ல" என்கிறான். ரிக்கெற் காசு கொடுத்தது நான்.

கொழும்பில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, இடைவழிதான் பிரச்சினை. இரணைமடுச் சந்தியில் இருந்து முறிகண்டிக்குப் போகிற நேரத்தில் கொள்ளுப்பிட்டியில் ஒரு சிக்னலைத் தாண்டினால் பெரிய காரியம். அதனால் பக்கத்துப் பக்கத்து இடங்களாகப் பார்த்து எடுங்கள்.

எது எதற்குப் பக்கம்?

வடக்குப் பக்கம் புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை. பழைய கோயில், பழைய தேவாலயம், சிவப்புப் பள்ளிவாசல், நகைக்கடை, துணிக்கடை எல்லாம் இதற்குள். கடலோரம் காலிமுகத்திடல், கோட்டை, துறைமுக நகரம். கொஞ்சம் உள்ளே பேரை வாவி. அதன் ஒரு பக்கம் கங்காராமை, இன்னொரு பக்கம் தாமரைக் கோபுரம். அதற்கும் உள்ளே கறுவாத்தோட்டம்: நூதனசாலை, விகாரமகாதேவி பூங்கா, வெள்ளைக் குவிமாடத்தோடு மாநகரசபை, சுதந்திர சதுக்கம். தெற்கே வெள்ளவத்தை தாண்டித் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கல்கிஸைக் கடற்கரை.

காலையில் கறுவாத்தோட்டம், பின்னேரம் கடலோரம். இதுதான் நான் அதிகம் பேருக்கு எழுதிக் கொடுத்த நாள். கோயிலுக்கும் சாமானுக்கும் போகிறவர்களுக்கு வடக்குப் பக்கம் மட்டுமே ஒரு முழுநாள் வேலை.

இரவு பஸ் விடியப்புறம் நாலரைக்கே இறக்கிவிடும். அந்த நேரம் எங்கே போவது?

எங்கும் போகாதீர்கள். வெள்ளவத்தையில் தெரிந்த வீடோ லொட்ஜோ இருந்தால் நேரே அங்கே போய் முகம் கழுவி ஒரு மணித்தியாலம் சரியுங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் கழுத்தை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டு எட்டு மணிக்கு வெயிலில் இறங்கினால், பதினொரு மணிக்கு எந்தச் சிலையும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ரயிலில் வருகிறவர்கள் கோட்டை நிலையத்தில் இறங்குவீர்கள். 1990 இல் நின்றுபோன வடக்குப் பாதை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும், அடுத்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப வந்தது. இருபத்திமூன்று வருடம் ரயிலைக் காணாத ஊர் எங்களுடையது. முதல் ரயில் வந்த காலத்தில் போகிற அலுவல் இல்லாமலே ஏறிப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். வயதான ஆக்களோடு போகிறதென்றால் பஸ்ஸைவிட ரயில் நல்லது. எழும்பி நடக்கலாம், மலசலகூடம் இருக்கிறது.

தாமரைக் கோபுரத்துக்கு ஏறத்தான் வேணுமோ?

பிள்ளைகள் கேட்பது இதைத்தான், பிறகு பெரியவர்கள் முணுமுணுப்பதும் இதைப்பற்றித்தான். சுமார் 350 மீற்றர் உயரம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது உள்நாட்டவருக்கு 500 ரூபாயில் இருந்து ரிக்கெற் இருந்தது. விலை மாறும், போகிற கிழமையில் விசாரியுங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: எங்கள் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் தண்ணித்தாங்கிதான். தட்டையான ஊர் எங்களுடையது. மேலே நின்று ஒரு நகரத்தைக் காலடியில் பார்ப்பது அவர்களுக்கு நிச்சயமாகப் புதிது. துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கும் பாரந்தூக்கிகள், பேரை வாவி, ரயில் பாதைகள், கடல் எல்லாம் ஒரு வளையமாகத் தெரியும். ஆகவே பிள்ளைகளோடு என்றால் ஒருமுறை போங்கள். மத்தியானம் போகாதீர்கள், வெயிலில் எல்லாம் வெளிறித் தெரியும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஏறினால் பகலையும் பார்க்கலாம், லைற் போட்ட பிறகும் பார்க்கலாம், ஒரே ரிக்கெற்றில். சனி, ஞாயிறு தவிர்த்தால் வரிசை குறைவு.

பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால், வெளியே நின்று நிமிர்ந்து பார்த்தால் போதும். அதற்குக் காசு இல்லை. இரவில் நிறம் மாறி மாறி எரியும், பாதி நகரத்தில் இருந்து தெரியும்.

நூதனசாலை பிள்ளைகளுக்குச் சலிக்குமே?

சலிக்கும், எல்லா அறைக்கும் இழுத்துக்கொண்டு போனால். நான்கு பொருளை மட்டும் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால் கொழும்பில் ஒரேயொரு இடம்தான் பார்க்கலாம் என்றால் அது கொழும்புத் தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தது. தேசாதிபதி கிரகெரியின் சிலை முன்னால் நிற்கும். முற்றத்தில் விழுது விட்ட பெரிய ஆலமரங்கள். அந்த நிழலில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள்.

முதலில் கேட்டுப் போக வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது. 1409 ஆம் ஆண்டு திகதியிட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். தலையில் இரண்டு டிராகன். சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேவேந்திரமுனைக் கோயிலில் இருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் போகும். கல் சீனாவில் செதுக்கப்பட்டது. அறுநூறு வருடத்துக்கு முன்னர் இலங்கைக்கு ஒரு கல்லை அனுப்ப நினைத்த சீனச் சக்கரவர்த்தியின் ஆட்கள், அதில் தமிழ் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 1911 இல் காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த இடத்தில்தான் இதைக் கண்டெடுத்தார்கள்.

அம்மாவைக் கூட்டிப்போனபோது அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து, விரலைக் கல்லில் படாமல் காற்றிலே வைத்து எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு போனா. கல் நல்லாத் தேய்ந்து கிடக்கிறது. எழுத்தும் இன்றைய எழுத்து இல்லை. "இதுல 'ப' மாதிரி ஒண்டு கிடக்கு" என்றா. பிறகு "இதுவும் 'ப' தான்" என்றா. அவவுக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சிங்களப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ரீச்சர் பொறுமையாக நின்றா. அம்மா மூன்றாவது 'ப' வைக் கண்டுபிடித்த பிறகுதான் நகர்ந்தா.

அடுத்தது கண்டி அரசர்களின் சிம்மாசனமும் முடியும். 1815 இல் கண்டி பிரித்தானியரிடம் போன பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டு போய், 1934 இல் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாக அதில் இருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன். வேலூரில் சிறையிருந்து 1832 இல் செத்துப்போனான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எங்கள் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அவன் கண்டியில் ஆண்ட காலத்தில்தான், 1803 இல், வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்தது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவிடத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கதிரை வெறும் கதிரையாகத் தெரியாது.

மூன்றாவது, பொலநறுவையில் எடுத்த சைவ வெண்கலச் சிலைகள். நடராசரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் இருக்கிறார்கள். சோழர் காலத்து வார்ப்பு முறை. சுந்தரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், நான் வேறொன்றும் சொல்லவில்லை.

நான்காவது பிள்ளைகள் தாங்களே தெரியட்டும். என் பெறாமகன் தெரிந்தது முகமூடிகள். அன்றிரவு தங்கச்சியைப் பயப்படுத்தினான்.

பௌர்ணமிப் போயா, அரச விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். புறக்கோட்டையில் இருந்து 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி பொது நூலகத்தடியில் இறங்கினால் கொஞ்ச நடைதான்.

காலிமுகத்திடலில் என்ன இருக்கு? கடல் எங்களிட்டையும் இருக்குத்தானே?

முல்லைத்தீவில் இருந்து வருகிற ஆக்கள் எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே குளிக்கிற கடல் இல்லை, மணல் கொஞ்சம்தான், இறால் வடையில் இருக்கிற இறால் நந்திக்கடல் இறாலைத் தின்று வளர்ந்தவருக்குக் கண்ணில் படாது.

ஆனால் ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும். இங்கே கடலுக்குள் இறங்கும். பின்னேரம் ஐந்தரைக்குப் போய்ச் சுவரில் இருங்கள். பட்டம் விடுகிற பிள்ளைகள், ஒரு குடைக்குள் இரண்டு பேர், பர்தா போட்ட அம்மாமார், அலுவலகச் சட்டையோடு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இருக்கிற ஆக்கள். ஒரு ஊர் முழுக்க வேலை முடிந்து மூச்சு விடுகிற இடம் அது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் இந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆக இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனான். முதலில் அந்தத் திடலில் குதிரைப் பந்தயமும் நடந்திருக்கிறது.

2022 இல் அப்போதைய சனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிச் சனம் மாதக்கணக்கில் கூடாரம் அடித்துக் கிடந்ததும் இங்கேதான். அந்த வருடம் மே 18 அன்று இதே இடத்தில் போரில் செத்தவர்களை நினைத்து விளக்கேற்றி முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். அதைப்பற்றி ஆளுக்கொரு கருத்து எங்கள் ஊரில் உண்டு. நான் இங்கே அதற்குள் போகவில்லை. ஆனால் அந்தப் புல்லில் கால் வைக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும், உங்களுக்கும் வரலாம்.

இறால் வடையை ஒன்று வாங்கிப் பாதி பாதியாகத் தின்னுங்கள். பிறகு நந்திக்கடலோடு ஒப்பிட்டுப் பேசுவதற்காகவாவது வேண்டும். காகங்கள் கெட்டித்தனம், வடையைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம்.

துறைமுக நகரம்?

கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர். நடைபாதைப் பக்கம் போய்ப் பார்க்கலாம், நிழல் இல்லை. காலிமுகத்திடலுக்குப் போனால் தூரத்தில் இருந்தே தெரியும். அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்குக் கோயில்தான் வேணுமாம். எங்கே கூட்டிப் போகலாம்?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 இல் முடித்த கருங்கற் கோயில். வெளியே கொள்கலன் லொறிகள் இரைந்து போகும். வாசலைத் தாண்டி நாலடி உள்ளே வைத்தால் சத்தம் நின்றுவிடும், காலடியில் கல் குளிரும். சிதம்பரத்துக்குப் போக முடியாத அம்மம்மாமாருக்கு அது போதும். மத்தியானம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போங்கள்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. சைவக்காரரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழாவுக்கு நிற்கிற எங்களுக்கு அது புதினம் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், கோபிக்காமல் காட்டுங்கள்.

பிறகு செட்டியார் தெரு. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் நகைக்கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. ஆடிவேல் தேர் இந்தத் தெருவில் இருந்துதான் புறப்படும். தாலிக்கொடி விலை கேட்க வந்த ஆக்கள் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து பேரம் பேசுவதை நான் பலதடவை கண்டிருக்கிறேன்.

கங்காராமை, சிவப்புப் பள்ளிவாசல் எல்லாம் எங்களைப் போன்ற ஆக்கள் போகலாமோ?

போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, செருப்பு வெளியே. கங்காராமை பாதி விகாரை, பாதி பழம்பொருட்களஞ்சியம். யானைத் தந்தம், பழைய கார், மணிக்கூடு என்று பக்தர்கள் கொடுத்த எல்லாம் குவிந்து கிடக்கும். எனக்கு அதைவிட எதிரே வாவிக்குள் நிற்கிற சீமா மாலகம்தான் பிடிக்கும். ஜெஃப்ரி பாவா வரைந்தது. தண்ணீருக்கு மேல் மரப்பலகையும் காற்றும், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. குளத்துக் கரையில் பிறந்த ஆளுக்கு அதில் இருக்கப் பிடிக்கும்.

சிவப்புப் பள்ளிவாசல் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில். 1909 இல் முடிந்த கட்டடம். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, தூரத்தில் இருந்து பார்த்தால் தோடம்பழ மிட்டாய் மாதிரி. தொழுகை நேரத்தில் உள்ளே போகக் கேட்க வேண்டாம்.

மிருகக்காட்சிசாலை?

"யானை பாக்கக் காசு குடுத்து ரிக்கெற்றோ? எங்கட வயலுக்க வந்து நெல்லைத் திண்டுட்டுப் போறது யானை இல்லாம என்ன?" நெடுங்கேணி ஐயா ஒருவர் என் கடையில் சத்தமாகச் சொன்னது. ஐயாவுக்கு விருப்பம் இல்லை என்றால் அவரை விட்டுவிட்டுப் போங்கள். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் மீன் தொட்டிகளும் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் அரைநாள் போகும், ஏற்ற இறக்கமான நடை, கூட்டுக்குள் இருக்கிறதைப் பார்த்துச் சில பிள்ளைகளுக்கு மனம் சரியில்லாமல் போகும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் போங்கள்.

பிள்ளைகளுக்கு மலிவாக ஏதாவது?

கோட்டை நிலையத்தில் கல்கிஸைக்கு ரிக்கெற் எடுத்து, கடற்கரை ரயிலில் ஏறுங்கள். வலது பக்க ஜன்னல். கொள்ளுப்பிட்டியில் இருந்து பாதை கடலுக்கு ஒட்டியபடியே போகும். சில இடத்தில் அலையின் தூவானம் முகத்தில் அடிக்கும். எந்தக் கோபுரத்தையும்விட என் பெறாமக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். காலை எட்டு மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் ஏறாதீர்கள், வேலைக்குப் போகிற சனம் படியில் தொங்கும். வாசலில் பிள்ளையை நிற்கவிட வேண்டாம்.

அப்பாவுக்குப் பொய்க்கால். எங்கே கூட்டிப் போகலாம்?

இதை என்னிடம் கேட்கிறவர்கள் வன்னியில் குறைவில்லை, ஆனால் பலர் கேட்காமலே "நான் லொட்ஜில நிக்கிறன், நீங்க போட்டு வாங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம், கூட்டிப் போங்கள்.

சுதந்திர சதுக்கம் சமதரை, நிழல் மரம், நிறைய இருக்கலாம். கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தைப் பார்த்துக் கட்டிய மண்டபம் அது, தூண்களைக் கீழே நின்றே பார்க்கலாம். காலிமுகத்திடல் நடைபாதை தட்டையானது. தாமரைக் கோபுரத்தில் எல்லாம் லிஃப்ற். நூதனசாலையில் கீழ்த்தளம் மட்டும் பார்த்தாலும் கல்வெட்டைத் தவறவிடமாட்டீர்கள். புறக்கோட்டை மட்டும் சரிவராது. மூட்டை சுமக்கிற நாட்டாமைமாரின் வண்டில்கள் "சைற், சைற்" என்று கத்திக்கொண்டு வரும்போது விலகிறதற்கு நல்ல காலுள்ளவனே பாயவேண்டும்.

லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு, விசாரணை என்று வருமோ?

இதை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவர்கள் மறக்கவில்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழரை விடிய முன்னர் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள், பிறகு உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. இப்போது அப்படி இல்லை. லொட்ஜில் அடையாள அட்டையைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள், எல்லாரிடமும் கேட்பதுதான். அட்டையின் கொப்பி ஒன்றை வேறாக வைத்திருங்கள். என் கடையிலேயே எடுக்கலாம்.

சிங்களம் தெரியாது. ஓட்டோவில் ஏமாற்றுவார்களோ?

ஏமாந்திருக்கிறேன். சிங்களம் தெரிந்துமே. கோட்டை நிலையத்தில் இருந்து ஒரு கிலோமீற்றரும் வராத இடத்துக்கு, மழையில், மீற்றர் பழுது என்று சொன்ன ஓட்டோவில் ஏறி, இறங்கும்போது கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு வந்த பஸ் காசில் அரைவாசி கொடுத்தேன்.

பிக்மீ, ஊபர் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு போங்கள். விலை முதலிலேயே தெரியும், போகிற இடத்தைச் சொல்லவும் தேவையில்லை. செயலி இல்லாவிட்டால் மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள். வெள்ளவத்தைக்கும் காலிமுகத்திடலுக்கும் இடையில் 100, 101 பஸ்கள் காலி வீதியால் ஓடிக்கொண்டே இருக்கும், அது எல்லாவற்றிலும் மலிவு. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் தாராளமாக ஓடும். மற்ற இடத்தில் சிரித்துக்கொண்டு "மல்லி" என்றோ "ஐயா" என்றோ தொடங்கினால் பாதி அலுவல் முடிந்தது. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, ஐயா என்றால் அண்ணன், எங்கள் ஐயா இல்லை. இதை மறந்து ஒரு இருபது வயதுப் பொடியனை மரியாதைக்கு ஐயா ஐயா என்று கூப்பிட்டவர்களும் உண்டு. அவனுக்குச் சந்தோசம்.

கனடாவில் இருந்து வந்த மாமியும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.

அவர்களுக்கு வெளிநாட்டவர் விலை. நூதனசாலை, மிருகக்காட்சிசாலை, கோபுரம் எல்லாவற்றிலும் உங்களுடையதைவிடப் பல மடங்கு. வாசலில் வைத்து "நாங்கள் ஒரே குடும்பம்" என்று வாதாடி வெட்கப்பட வேண்டாம், முதலே மாமிக்குச் சொல்லிவிடுங்கள். காசு இல்லாத இடங்களான காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், கோயில்களை அவர்களோடு வைத்துக்கொள்ளலாம். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எதை எடுக்கலாம்?

பாராளுமன்றத்தை விடாதீர்கள். கோட்டே தியவன்னா வாவிக்கு நடுவில், சீமா மாலகத்தை வரைந்த அதே பாவா வரைந்தது, 1982 இல் திறந்தது. அதிபர் முன்கூட்டியே எழுதி அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் சரியாக இருக்கட்டும், ஒரு எழுத்துப் பிழைக்கும் வாசலில் நேரம் போகும். பிறகு நூதனசாலை. பின்னேரம் காலிமுகத்திடல். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளைகளின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கும், அவர்களை முன் சீற்றில் போடுங்கள்.

சாமான் வாங்க எப்போது?

கடைசியில். காலையில் வாங்கினால் பையைச் சுமந்துகொண்டுதான் எல்லாம் பார்ப்பீர்கள். புறக்கோட்டை ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு, நடைபாதைக் கடைகள்தான் இருக்கும். காசைப் பின்பொக்கற்றில் வைக்க வேண்டாம்.

சாப்பாடு?

வெள்ளவத்தைச் சைவக்கடைகள். ஊர்ச் சாப்பாடுதான், விலை மட்டும் கொழும்பு.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

ரிக்கெற்றில் இருக்கிற நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னால். மழை என்றால் ஒரு மணித்தியாலம். பஸ் நிற்கிற இடத்தை ஏறுகிற அன்று காலையிலேயே போன் அடித்துக் கேட்டு வையுங்கள், மாற்றிவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சால்வையோ போர்வையோ வேண்டும், ஏசி பஸ்ஸில் அநுராதபுரம் தாண்டினால் குளிரும். முறிகண்டியில் பிள்ளையாரடியில் நிற்பாட்டும்போது நேரம் விடியப்புறமாக இருக்கும், கச்சான்கடை ஒன்றிரண்டு திறந்திருக்கும். பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். நீங்கள் மட்டும் இறங்கிக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, ஒரு பை கச்சானோடு ஏறுங்கள்.